ஆறுதல் நீக்கப்பட்டது

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் கைகட்டி நின்று எழுதுவது. கைகட்டி நின்றால் எப்படி எழுத முடியும் என்று கேட்பீர்கள். மனதளவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் நலம். என் மனைவியும் நலம் என்று சமையலறையில் பாத்திரங்கள் வைக்கப்படும் வேகத்தைக் கொண்டு தெரிந்துகொள்கிறேன். என்னிடம் சொல்ல வேண்டியதை அவள் மகளிடம் சொல்லி அனுப்புகிறாள். மகள் அதோடு தன் கருத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். முழங்கால் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே நம்பிக்கை உண்டு.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அக்கா எடுத்து, "அவர் தூங்குறார்" என்கிறாள். காலை நேரத்தில் தூங்குகிற ஆள் இல்லை நீங்கள். மின்னஞ்சல் அனுப்பினால் திறக்க மாட்டீர்கள், அதற்கான காரணத்தையும் நானே உண்டாக்கி வைத்திருக்கிறேன். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்து, அது எழுதுகிறதா என்று கையில் கிறுக்கிப் பார்த்து, இந்தக் கடிதம். நீங்களோ வேலையில் இருந்த காலமெல்லாம் கோர்ட்டில் மனுக்களையும் தீர்ப்புகளையும் தமிழாக்கியவர். எதையும் யார், எவர் என்ற விவரத்தோடு முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பிடிக்கும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மனுதாரராகிய நான் தங்கள் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் உட்கார்ந்து பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல், மூக்குக்கண்ணாடிக் கடை இப்படிப்பட்டவர்களுக்கு இணையப் பக்கம் செய்துகொடுப்பது தொழில். பக்கம் செய்வது பாதி நாள் வேலை. அது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது மீதி வாழ்க்கை. இதற்கென்றே பிரௌசருக்குள் டெவலப்பர் டூல்ஸ் என்று ஒன்று இருக்கிறது. எஃப் பன்னிரண்டு என்ற பொத்தானை அமுக்கினால், மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பது போலப் பக்கத்தின் உள்பக்கம் திறந்துகொள்ளும். அதில் பல பலகைகள். ஒன்றில் பக்கத்தின் எலும்புக்கூடு தெரியும், ஒன்றில் எந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கன்சோல் என்று ஒரு பலகை. பக்கத்தில் எங்கே எது பிசகினாலும் அங்கே சிவப்பு எழுத்தில் வந்து விழும். என் பக்கங்களில் தாராளமாகவே விழும். ஊருக்கெல்லாம் காலையில் செய்தித்தாள் என்றால் எனக்கு அந்தச் சிவப்பு எழுத்துதான்.

சென்ற மாதம் பல் டாக்டர் தன் பக்கம் தமிழிலும் வேண்டும் என்றார். அது எப்படித் தெரிகிறது என்று பார்க்க பிரௌசரின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். பிரௌசரைச் செய்கிற நிறுவனம் டெவலப்பர் டூல்ஸை மேம்படுத்தி, தமிழிலும் பேச வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. வழக்கம் போல எஃப் பன்னிரண்டை அமுக்கினேன். பக்கத்தின் எலும்புக்கூடு தெரிகிற, ஆங்கிலத்தில் எலிமெண்ட்ஸ் என்று பெயர் போட்டிருக்கும் பலகைக்கு மேலே 'குற்றக்கூறுகள்' என்று எழுதியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். அப்ளிகேஷன் என்று இருந்த இடத்தில் 'மனு'. இணைய வேகத்தைக் குறைத்துச் சோதிக்கிற இடம் ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் அதற்குத் த்ராட்லிங் என்று பெயர். அங்கே 'கழுத்து நெரிப்பு' என்று போட்டு, அதற்குக் கீழே 'நெரிக்க வேண்டாம்', 'மெதுவாக நெரி', 'வேகமாக நெரி' என்று மூன்று வசதிகள் கொடுத்திருந்தது. நடந்தவற்றின் பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிற லாக் என்ற இடத்தில் 'மரக்கட்டையைப் பாதுகாக்கவும்' என்று இருந்தது. நிரல் ஓடுவதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிற பொத்தானுக்கு 'தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்திவை' என்று பெயர். எக்ஸிக்யூஷன் என்றால் எங்களுக்கு ஓடவிடுவது. கோர்ட்டில் அதற்கு வேறு அர்த்தம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டிரைவிங் ஸ்கூல்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய பக்கத்தில்தான் ஏதோ பிசகு. நான் அந்தப் பொத்தானை அமுக்கினதும் திரை முழுக்க 'தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன சார், நம்ம பக்கத்தைத் தூக்குல போடப் போறாங்களா?"

"இல்ல, இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எது பண்ணினாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணுங்க. எல்லா ஆவணமும் ஒழுங்கா இருக்கு நம்மகிட்ட."

இதற்கெல்லாம் மகுடமாக அந்தக் கன்சோல் பலகை. நான் செய்த தப்பெல்லாம் சிவப்புச் சிவப்பாக வந்து விழுகிற அந்த இடத்துக்கு மேலே, சாந்தமான சின்ன எழுத்தில், 'ஆறுதல்' என்று எழுதியிருந்தது. திறந்தால் உள்ளே பதினைந்து இருபது பிழைகள். துடைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று அழித்தால், 'ஆறுதல் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து நின்றது. நானும் டிரைவிங் ஸ்கூல்காரரும் சிரித்த சிரிப்பில் கீழே டயர் கடைக்காரர் மேலே ஏறி வந்து என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனார். அத்தான், அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்தோம், வேலையைப் பார்த்தோம் என்று போயிருந்தால் இன்றைக்கு இந்த வீட்டில் பாத்திரங்கள் மெதுவாக வைக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பிரௌசரின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. 'எங்கள் மேம்பாடுகள் பற்றி உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டது. என் வாழ்க்கையில் யாரும் என் கருத்தைக் கேட்டதில்லை. வீட்டில் திரைச்சீலை வாங்கும்போதுகூடக் கேட்டதில்லை. விடுவேனா?

மளமளவென்று எழுதினேன். எழுதினதை இங்கே மறுபடி எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் ஆவணம் என்று ஒன்று இருக்க வேண்டுமே. 'இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஒரு கொலை வழக்கிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறார். கழுத்தை நெரிக்கிறார், கட்டையைப் பாதுகாக்கிறார், மனுப் போடுகிறார், தண்டனையை நிறுத்திவைக்கிறார், எல்லாம் முடிந்ததும் ஆறுதலும் சொல்கிறார். இவருக்கு ஆங்கிலமும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. இவரை விடுவித்து வீட்டுக்கு அனுப்புங்கள். பாவம், குடும்பம் காத்திருக்கும்.' ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். அத்தனை கோர்ட் வாடை அடித்தும் எனக்கு உங்கள் நினைவு வரவில்லை என்பதை நம்புங்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பெரிய கம்பெனிக்கு மொழிபெயர்க்கிறேன், விவரம் வெளியே சொல்லக்கூடாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தீர்கள். உங்கள் நேர்மை எல்லோருக்கும் தெரியும், சொல்லக்கூடாது என்றால் அக்காவிடம்கூடச் சொல்ல மாட்டீர்கள். நான் ஏதோ மருந்துக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பாடு. எழுதினதோடு விட்டேனா, அதைப் போனில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் மனைவிக்குப் புரையேறியது. மகள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், நான் இன்னொரு தடவையும் படித்தேன். உங்கள் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள், சிரித்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினீர்கள், துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து கேட்டீர்கள்.

"மத்ததெல்லாம் சரி தம்பி. அந்த ஆறுதல்ங்கற சொல்லு கூடவா தப்பு?"

"அதுதான் அத்தான் இருக்கறதுலயே பெரிய தப்பு. கன்சோல்னா ஆறுதல் சொல்றதுன்னு ஒரு அர்த்தம் இருக்கு, இல்லேங்கல. ஆனா இது வேற கன்சோல். தப்பைக் காட்டற இடத்துக்குப் போய் யாராவது ஆறுதல்னு பேர் வெப்பாங்களா?"

"வெக்க மாட்டாங்கதான்," என்றீர்கள். பிறகு கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போனீர்கள். நான் உங்கள் பங்குக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தேன்.

இரண்டொரு நாள் கழித்து மதியம் அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை. "உங்க அத்தானை அந்த வேலையிலேருந்து எடுத்துட்டாங்கடா. யாரோ ஒரு வேலையத்தவன் பக்கம் பக்கமா புகார் எழுதிப் போட்டிருக்கானாம். ரிடையர் ஆனதுலேருந்து ஷேவ் பண்ணாம, சட்டை மாத்தாம, ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்த மனுஷன். இந்த வேலை வந்தப்புறம்தான் காலையில குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, மேஜையில போய் உக்காந்தார். இன்னைக்கு மறுபடி அந்தப் பழைய பனியன்." சொந்த அத்தானுக்கு இப்படி ஒரு அநியாயமா என்று ரத்தம் கொதித்தது. "எந்தப் படுபாவிக்கா அவன், அவன் நல்லா இருக்க மாட்டான், அவன் தொழில் விளங்காது" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்காவுக்கு அது கொஞ்சம் இதமாக இருந்திருக்க வேண்டும், போனை வைக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உனக்காவது புரியுதே" என்றாள். போனை வைத்துவிட்டு, காலையிலிருந்து திறக்காமல் இருந்த மின்னஞ்சலைத் திறந்தேன். அந்தப் பிரௌசர் நிறுவனம் எழுதியிருந்தது. உங்கள் மதிப்புமிக்க கருத்தின் பேரில் எல்லாச் சொற்களையும் திருத்திவிட்டோம், மொழிபெயர்ப்பாளரையும் விடுவித்துவிட்டோம், தொடர்ந்து இப்படியே எங்களை மேம்படுத்துங்கள் என்று கடைசியில் ஒரு சிரிக்கிற முகம். அக்கா சொன்ன அந்த வேலையத்தவன் நான்தான். நான் திட்டின திட்டெல்லாம் எனக்கே பலித்தால் என் கதி என்ன என்ற பயமும் கூடவே வந்தது.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் துண்டும் ஒவ்வொரு விரலும் கண் முன்னால் வந்தன. சாப்பாட்டு மேஜையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அக்காவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானோ அதையே எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, விஷயம் அப்படியே அமுங்கிப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நிறுவனத்துக்கு எதையும் அமுக்கி வைக்கத் தெரியாது. பயிற்சிக்கு உதவும் என்று என் கருத்தை ஒரு எழுத்து விடாமல் உங்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அக்கா வேறு எதையோ தேடப் போய் அதைத் திறந்திருக்கிறாள். மறுபடி போன் வந்தது. திட்டுவாள் என்று காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "பாவம், குடும்பம் காத்திருக்கும்னு எழுதியிருக்கே," என்றாள் மெதுவாக. "காத்துட்டுத்தான் இருக்கோம். வந்து பாத்துட்டுப் போ." பக்கத்தில் நின்ற என் மனைவிக்கு யாரும் எதுவும் சொல்லாமலே எல்லாம் விளங்கிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை அத்தான். அன்றைக்கே அதே பெட்டியில் இரண்டாவது கருத்து எழுதினேன். ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். பழைய சொற்களே அருமையானவை, தமிழ் மக்கள் அவற்றுக்காக ஏங்குகிறார்கள், எங்கள் இணைய வேகத்துக்குக் கழுத்து நெரிப்பைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடையாது, அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. தமிழ்மீது தாங்கள் காட்டும் ஆர்வம் எங்களை நெகிழ வைத்தது, ஆகவே அந்த மொழிபெயர்ப்புப் பணியைத் தங்களுக்கே அளிக்கிறோம் என்று எழுதி, 'தமிழ்ப் பயனர்களின் குரல்' என்று பொன்னிற எழுத்தில் ஒரு சான்றிதழையும் இணைத்திருந்தார்கள். அதை நான் பார்ப்பதற்குள் மகள் பார்த்து, மகள் அம்மாவிடம் காட்டி, அம்மா அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். "அவர் நாற்காலியைப் பிடிக்கத்தான் இத்தனை நாடகமாடா?" என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்று மூன்றாவது கருத்து எழுதினேன். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி என்று பதில் வந்தது. அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்றே எனக்கு இப்போது சந்தேகம். பாத்திரச் சத்தம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

புதிய மேம்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது எல்லாச் சொல்லும் சரியாக இருக்கிறது. அதுதான் கஷ்டம். கழுத்து நெரிப்பு போய் 'வேகக் கட்டுப்பாடு' வந்துவிட்டது. தண்டனை போய் 'செயலாக்க இடைநிறுத்தம்'. ஆறுதல் இருந்த இடத்தில் 'பணியகம்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டும் போலிருக்கிறது. சிவப்பு எழுத்து என்னவோ முன்னைப் போலத்தான் விழுகிறது. ஆனால் முன்பு அந்தப் பெயர் மேலே இருந்தபோது, கேலியாகவாவது, 'சரி, ஆறுதலைத் திறந்து பார்ப்போம்' என்று வாயால் சொல்லிக்கொண்டே திறப்பேன். சொல்லும்போதே ஒரு சிரிப்பு வரும், பாதிப் பிழை அந்தச் சிரிப்பிலேயே சின்னதாகிவிடும். பணியகத்தைத் திறக்கும்போது சிரிப்பு வருவதில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு நாள் வந்தார். அவர் பக்கத்தில் மறுபடி பிசகு.

"ஆறுதல்ல என்ன சொல்லுதுன்னு பாருங்க சார்."

"அது இப்ப இல்ல. எடுத்துட்டாங்க."

"அடடே. யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு அது?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருடைய பக்கத்தைச் சரிசெய்து கொடுத்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. அவர் போனதும் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பணியகத்தில் ஓர் ஓரத்தில் நாமும் ஏதாவது எழுதலாம், அது பதில் சொல்லும். நிரல்தான் எழுத வேண்டும், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கை போய் 'அத்தான்' என்று எழுதிவிட்டது. 'பிழை: அத்தான் வரையறுக்கப்படவில்லை' என்று சிவப்பில் வந்தது. மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒத்துக்கொள்ளும் என்று, 'அத்தான், என்னை மன்னித்துவிடுங்கள்' என்று மேற்கோள் குறியோடு எழுதினேன். இந்தத் தடவை சிவப்பு வரவில்லை. நான் எழுதினதையே ஓர் எழுத்து மாறாமல் எனக்குத் திருப்பிச் சொன்னது. ஒரு பெட்டியை மன்னிப்புக் கேட்க வைத்ததுதான் மிச்சம்.

ஆகவே அத்தான், நேராகவே கேட்டுவிடுகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் செய்தது ஒரு குற்றமே இல்லை. முன்னும் பின்னும் இல்லாமல் ஒற்றைச் சொல்லாகத் திரையில் அனுப்பி, இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால், உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் தெரிந்த அர்த்தத்தைத்தான் போடுவார்கள். நெரித்தல் என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் பார்த்த நெரித்தல்தானே உங்கள் நினைவுக்கு வரும்? எல்லாம் தெரியாமல் செய்த பிழை. நான் அதை அன்றே பெரிய மனதோடு விட்டிருக்க வேண்டும். அந்த ஆறுதல் என்ற சொல்லைப் பற்றித்தான் நான் அதிகமாகத் துள்ளினேன். அதுவும் தெரியாமல் விழுந்த தப்புதான், ஆனால் அழகாக விழுந்த தப்பு, சில தப்புகளுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் பிழைகளை நான் முழு மனதோடு மறந்துவிட்டேன். நீங்களும் என்னுடையதை மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் சமன். எழுந்து குளித்து, அந்த இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். என் பல் டாக்டருக்குத் தமிழ்ப் பக்கத்தில் நிறைய எழுத வேண்டியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொடுங்கள். இந்தத் தடவை முன்னும் பின்னும் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நானே விளக்கிச் சொல்கிறேன்.

அக்காவிடம் என் பயம் கலந்த அன்பைச் சொல்லவும். உங்கள் முழங்காலை வெந்நீரும், உங்கள் மனதைக் காலமும் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வீட்டிலிருந்து மூன்று பேர் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதில் இரண்டு பேர் என்னைத் திட்டிக்கொண்டே.

என்றும் தங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
மைத்துனன்

பின்குறிப்பு: மடித்து உறையில் போடப் போகும்போது அக்கா போன் செய்தாள். அத்தானுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்றேன். "படி, கேக்கறேன்" என்றாள். படித்தேன். அழகாக விழுந்த தப்பு என்ற இடம் வந்ததும், "நிறுத்து" என்றாள்.

"அது தப்புன்னு உனக்கு யார் சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியுமேக்கா. கட்டை, கழுத்து மாதிரிதானே அதுவும்."

"கட்டை தப்பு. கழுத்தும் தப்பு. தூக்கும் தப்புதான், அதெல்லாம் அவரே ஒத்துக்கறார். ஆறுதல் மட்டும் தெரிஞ்சு வெச்சது. உன் ரூமுக்கு வந்து உக்காந்துட்டுப் போவாரே, அப்போ ஒரு நாள் அந்தப் பலகையைக் காட்டி, சிவப்பு சிவப்பா வருதே, என்ன தம்பி இதுன்னு கேட்டாராம். 'என் தப்பெல்லாம் வந்து விழற இடம் அத்தான், நாள் பூரா இது மூஞ்சியிலதான் முழிச்சுட்டு இருக்கேன்'னு நீ சொன்னியாம். அந்தச் சொல்லு மொழிபெயர்க்க வந்தப்போ, அதுக்குச் சரியான அர்த்தம் என்னன்னு அவருக்கு நல்லாத் தெரியும். அவன் நாள் பூரா பாக்கற இடம், அங்கேயாவது நல்லதா ஒரு பேரு இருக்கட்டும்னு வெச்சிருக்கார். என்னைக்காவது நீ அதைப் பாத்துட்டு வந்து சொல்லுவேன்னு இருந்தாராம். நீ வந்து சொன்னே, சாப்பாட்டு மேஜையில."

அத்தான், நான் அப்படிச் சொன்னதுகூட எனக்கு நினைவில் இல்லை. மற்ற எல்லாச் சொல்லும் கோர்ட்டிலிருந்து வந்திருக்கும்போது, இது ஒன்று மட்டும் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். கோர்ட்டில் யாருக்கும் யாரும் ஆறுதல் சொல்லி நீங்கள் மொழிபெயர்த்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பெரிய மனது, முழு மனது, சமன், பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவது, எல்லாவற்றையும். மன்னிப்புக் கேட்டதையும் அடித்துவிடலாம், அது தப்பான குற்றத்துக்குக் கேட்டது. சரியான குற்றத்துக்கு இனிமேல்தான் கேட்க வேண்டும். அதை எழுத்தில் கேட்கும் அளவுக்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை. நாளைக் காலை நானே வருகிறேன். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், கதவை மட்டும் நீங்கள் வந்து திறங்கள்.